கம்ப்யூட்டர் ஸ்லோவா? செலவு செய்வதற்கு முன் இண்டெக்ஸைப் பாருங்கள்!

ஒரு சனிக்கிழமை காலை மாமாவிடமிருந்து போன். "டேய், புது கம்ப்யூட்டர் ரொம்பப் படுத்துதுடா. கடைக்காரர் இன்னொரு ராம் போடணும்னு சொல்றாரு. நீ ஒரு தடவை வந்து பாரு. அவசரம்."

மாமா வீடும் எங்கள் வீடும் மீஞ்சூரில்தான், இரண்டு தெரு தள்ளி. போய்ப் பார்த்தால் கூடத்தில் ஓர் அக்கா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த கணவரை இழந்தவர். குடும்ப ஓய்வூதியத்துக்காகத் திங்கட்கிழமை காலை பி.எஃப். அலுவலகத்தில் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். கணவர் உயிரோடு இருந்தபோது அவருக்காக ஒரு கடிதம் தயாரித்துத் தந்தவர் மாமா. வேலையில் சேர்ந்த தேதி, பழைய பி.எஃப். எண், 12 இலக்க யு.ஏ.என். எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

மாமா எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பதிவேடு பார்த்து ஓய்வு பெற்றவர். தெரிந்த தொழிலாளர்களுக்கு இப்படி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். காசு வாங்குவதில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பைல்கள் சேர்ந்துவிட்டன. பழைய கம்ப்யூட்டரில் யு.ஏ.என். எண்ணைத் தட்டினால் போதும், கடிதம் கண் முன்னே வந்து நிற்குமாம். புதியதில் தேடு, தேடு என்று தேடிவிட்டுக் கடைசியில் "எதுவும் கிடைக்கவில்லை" என்கிறது. இத்தனைக்கும் புதியதில் ராம் இரண்டு மடங்கு!

"மாத்தும்போது பைல் தொலைஞ்சு போச்சோ?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். அந்த அக்கா காதில் விழக்கூடாது என்று அவருக்குக் கவலை.

பைல் தொலையவில்லை. ராமும் குறைவில்லை. குறைந்தது இண்டெக்ஸ். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் மிச்சமாகும்.

இண்டெக்ஸ் என்றால் என்ன?

மாமாவுக்குப் புரிய வைக்க நான் சிரமப்படவே இல்லை. அவர் வேலை பார்த்த யார்டையே எடுத்துக்கொண்டேன்.

கன்டெய்னர் யார்டில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் அடுக்கி இருக்கும். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. நான்கு எழுத்து, ஏழு இலக்கம், ஆக மொத்தம் 11 குறிகள். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். கடைசி இலக்கம், எண்ணைத் தப்பாக எழுதிவிட்டோமா என்று சரிபார்ப்பதற்கு. உலகம் முழுவதும் இதே முறைதான்.

ஒரு டிரைலர் லாரி கேட்டுக்குள் வருகிறது. டிரைவர் எண்ணைச் சொல்கிறார். உடனே ஒருவர் யார்டு முழுக்க நடந்து ஒவ்வொரு பெட்டியாகப் படித்துக்கொண்டு போவாரா? மாட்டார். பதிவேட்டைப் பார்ப்பார். எந்த பிளாக், எந்த பே, எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு என்று அதில் எழுதியிருக்கும். நேராக அங்கே போய் எடுத்துவிடலாம்.

அந்தப் பதிவேடுதான் இண்டெக்ஸ். பெட்டி வேறு, பதிவேடு வேறு. பதிவேடு தொலைந்தாலும் பெட்டி யார்டில்தான் இருக்கும். கண்டுபிடிக்க மட்டும் முடியாது.

எவ்வளவு வேகம் கூடும்? 10 லட்சம் எண்கள் வரிசைப்படி எழுதிய பட்டியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் திறந்து பாருங்கள். நாம் தேடும் எண் அதற்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? ஒரே பார்வையில் 5 லட்சம் கழிந்துவிட்டது. மிச்சத்தின் நடுவில் பாருங்கள், இரண்டரை லட்சம்தான் பாக்கி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 20 பார்வைக்குள் எண் கிடைத்துவிடும். பட்டியல் இல்லாவிட்டால், மோசமான நிலையில் 10 லட்சத்தையும் பார்த்தாக வேண்டும்.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த யோசனை இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் நூலாக வெளியிட்டார். அதில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. வாசகர் என்ன கேட்டு வருவார் என்று யோசித்து அட்டவணை தயாரிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். இன்றைய சாஃப்ட்வேர் இண்டெக்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் ஆபீஸில் நடந்தது

மாமா வீட்டில் எனக்கு உடனே பொறி தட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. இதே தவறை அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆபீஸில் நானே செய்திருந்தேன். அங்கே பட்ட பாடு இங்கே உதவியது.

நான் வேலை பார்த்த திட்டத்தில் ஒரு நிறுவனத்தின் ஆவணங்கள் எல்லாம் ஒரு கன்டென்ட் ரெப்பாசிட்டரியில் இருந்தன. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் கம்ப்யூட்டரில் போல்டருக்குள் போல்டர், அதற்குள் பைல் என்று இருக்கிறதல்லவா? அதேபோல மரக்கிளையாகப் பிரியும் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கு. இதில் ஒவ்வொரு கிளைக்கும் நோடு என்று பெயர். ஒவ்வொரு நோடிலும் ஆவண வகை, தேதி, சப்ளையர் எண் என்று லேபிள்கள் ஒட்டியிருக்கும். இவற்றுக்குப் பிராப்பர்ட்டி என்று பெயர். ஜாவா மொழியில் இத்தகைய கிடங்குகளுக்கான பொது விதிமுறை 2005-ல் வந்தது. அதன்படி இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் அப்பாச்சி ஜாக்ராபிட். அதன் அடுத்த தலைமுறைதான் ஜாக்ராபிட் ஓக். பெரிய வெப்சைட்டுகளை நிர்வகிக்கும் அடோபி எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர் இதன் மேல்தான் ஓடுகிறது.

எங்கள் வாடிக்கையாளர் பழைய ஜாக்ராபிட்டில் இருந்தார். அவரை ஓக்கிற்கு மாற்றிக் கொடுத்தோம். மறுநாளே புகார். "பழசுல பட்டுன்னு வந்தது. புதுசுல தேடினா டீ குடிச்சிட்டு வரலாம் போல இருக்கு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்வரில் ராமைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள், பணம் செலவானது. தேடல் அப்படியேதான் இருந்தது. கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தபோது எனக்கு முகம் சுருங்கிப் போனது.

எங்கள் சீனியர் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லாக் பைலைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. திறந்தால் பக்கம் பக்கமாக எச்சரிக்கை. இத்தனை ஆயிரம் நோடுகளை ஒவ்வொன்றாகக் கடந்துவிட்டேன், ஓர் இண்டெக்ஸ் சேர்க்கக் கூடாதா அல்லது கேள்வியையாவது மாற்றக் கூடாதா என்ற பொருளில் ஓக் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. யார்டு முழுக்க நடந்து பெட்டி பெட்டியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது பாவம். இப்படி நடப்பதற்கு டிராவர்சல் என்று பெயர்.

பழையதில் இல்லாத பிரச்சினை புதியதில் ஏன்? பழைய ஜாக்ராபிட் கேட்காமலே எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடும். ஓக் அப்படிச் செய்யாது. எதற்கு இண்டெக்ஸ் வேண்டும் என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை அதன் கையேட்டிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். படிக்காதது என் குற்றம்.

சரியான இண்டெக்ஸ் எது?

ஒரு தேடல் வந்ததும் ஓக் முதலில் தன்னிடம் உள்ள ஒவ்வொரு இண்டெக்ஸையும், உன் வழியாகப் போனால் எவ்வளவு செலவாகும் என்று கேட்கும். குறைந்த செலவு சொல்வதைத் தேர்ந்தெடுக்கும். பொருத்தமான இண்டெக்ஸ் ஒன்றுகூட இல்லாவிட்டால் நடைப்பயணம்தான். ஆகவே, ஏதோ ஓர் இண்டெக்ஸ் இருந்தால் போதாது. கேட்கும் கேள்விக்குப் பொருந்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

முதல் முயற்சி: ஆவண வகைக்கு இண்டெக்ஸ் போட்டேன். பெரிய மாற்றம் இல்லை. காரணம், வகைகளே நாலைந்துதான். பில் என்று கேட்டால் கிடங்கில் பாதி வந்து நிற்கிறது. யார்டில் நீலநிறப் பெட்டிகளுக்கு மட்டும் தனிப் பதிவேடு வைத்த கதை. பாதிப் பெட்டி நீலம் என்றால் அந்தப் பதிவேட்டால் என்ன லாபம்?

இரண்டாவது முயற்சி: கோபத்தில் கண்ணில் பட்ட பிராப்பர்ட்டிக்கெல்லாம் இண்டெக்ஸ் போட்டேன். தேடல் வேகமானது. ஆனால் புதிய ஆவணம் சேமிப்பது மெதுவாகிவிட்டது, டிஸ்கில் இடமும் கரைந்தது. ஏன்? ஒரு பெட்டி உள்ளே வந்தால் ஒரு பதிவேட்டில் எழுதினால் போதும். இருபது பதிவேடு இருந்தால் இருபதிலும் எழுத வேண்டும். கேட்டில் லாரிகள் வரிசை கட்டாதா?

மூன்றாவது முயற்சி: ஆபீஸில் யார் என்ன தேடுகிறார்கள் என்று முதலில் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே கேள்விதான். இந்த சப்ளையருடைய பில்கள், புதியது மேலே வருகிற மாதிரி. அதற்கு ஆவண வகை, சப்ளையர் எண், தேதி மூன்றையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ். தேதிப்படி வரிசைப்படுத்தவும் அதிலேயே ஏற்பாடு. தேவையில்லாதவற்றை நீக்கினேன். இதற்கு ஓக் பயன்படுத்துவது லூசீன் என்ற தேடல் சாஃப்ட்வேர். டக் கட்டிங் என்பவர் 1999-ல் எழுதத் தொடங்கியது.

புதிய இண்டெக்ஸ் தயாராக வேண்டுமானால் கிடங்கு முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் செய்தால் எல்லாருக்கும் தொல்லை. அதனால் இரவில் ஓடவிட்டோம். காலையில் மீஞ்சூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது சீனியர் அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது: "பட்டுன்னு வருது. ராம் காசு போச்சேன்னு கேக்குறாங்க, அதுக்கு நீயே பதில் சொல்லு."

மாமா வீட்டில் என்ன கோளாறு?

இனி மாமா கதைக்கு வருவோம். பழைய கம்ப்யூட்டரில் பைல்கள் டாகுமெண்ட்ஸ் போல்டரில் இருந்தன. புதியதை அமைத்துக் கொடுத்தவர், பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டார்.

விண்டோஸ் வழக்கமாக இண்டெக்ஸ் போடுவது சி டிரைவில் உள்ள யூசர்ஸ் போல்டருக்கு. நம் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் அதற்குள் அடங்கும். டி டிரைவில் உள்ளதை, நாம் சொன்னால் ஒழிய சேர்க்காது. அங்கே தேடினால் பைல் பைலாகப் பார்த்துக்கொண்டு போகும். அதோடு இன்னொரு சங்கதி: இண்டெக்ஸ் இல்லாத இடத்தில் விண்டோஸ் வழக்கமாகப் பைலின் பெயரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்காது. யு.ஏ.என். எண் கடிதத்துக்கு உள்ளே இருக்கிறது. பைலின் பெயரில் இல்லை. அதனால்தான் "எதுவும் கிடைக்கவில்லை" என்ற பதில். எங்கள் ஓக் கதையேதான். பழையது கேட்காமல் செய்து கொடுத்ததைப் புதிய ஏற்பாட்டில் நாம் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வழி பொருந்தும்.

1. டாஸ்க்பாரில் உள்ள தேடல் பெட்டியில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, வருவதைத் திறந்துகொள்ளுங்கள். இப்போது எந்தெந்த இடங்களுக்கு இண்டெக்ஸ் இருக்கிறது என்ற பட்டியல் தெரியும்.

2. மாடிஃபை பட்டனைக் கிளிக் செய்யுங்கள். டிரைவுகள் வரிசையாக வரும். முழு டிரைவையும் டிக் செய்ய வேண்டாம். உங்கள் ஆவணங்கள் உள்ள போல்டரை மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள்.

3. அட்வான்ஸ்டு பட்டனுக்குள் ஃபைல் டைப்ஸ் என்ற பகுதி உண்டு. நீங்கள் பயன்படுத்தும் பைல் வகையைத் தேர்ந்தெடுத்து, பெயரோடு உள்ளடக்கத்துக்கும் இண்டெக்ஸ் போடும் வசதி தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. இப்போது காத்திருங்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் விண்டோஸ் இண்டெக்ஸ் வேலையை மெதுவாக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் சீக்கிரம் முடியும். முடிந்ததும் இண்டெக்ஸிங் கம்ப்ளீட் என்று அதே விண்டோவின் மேலே தெரியும்.

5. எல்லாம் செய்தும் பழைய பைல்கள் தேடலில் வராவிட்டால் மட்டும் அட்வான்ஸ்டு பகுதியில் உள்ள ரீபில்டு பட்டனைப் பயன்படுத்துங்கள். முழு இண்டெக்ஸையும் அழித்துவிட்டு மீண்டும் எழுதும். உங்கள் பைல்களுக்கு எதுவும் ஆகாது. நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் தொடங்குவது நல்லது.

செட்டிங்ஸில் எனஹான்ஸ்டு என்று ஒரு வசதியும் உண்டு. அது கம்ப்யூட்டர் முழுவதற்கும் இண்டெக்ஸ் போடும். என் இரண்டாவது முயற்சி நினைவிருக்கிறதா? லேப்டாப் என்றால் பேட்டரி செலவும் கூடும். தேவையான போல்டர் மட்டும் போதும் என்பது என் அனுபவம்.

இண்டெக்ஸால் முடியாதவை

இண்டெக்ஸ் மந்திரம் இல்லை. எழுதியிருப்பதைத்தான் அது கண்டுபிடிக்கும்.

ஸ்கேன் செய்த காகிதம் கம்ப்யூட்டருக்கு ஒரு போட்டோ. அதில் உள்ள எண்ணை விண்டோஸ் தேடலில் எதிர்பார்க்க முடியாது. ஸ்கேன் 47 என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. ஆளின் பெயர், எண், ஆண்டு மூன்றும் பைல் பெயரிலேயே இருக்கட்டும்.

தமிழில் டைப் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய பாண்ட்டில் டைப் செய்திருந்தால் திரையில் தமிழ் தெரியும், உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் அ என்று நாம் காண்பது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஆங்கில எம். யூனிகோடில் தமிழ்ப் பெயரைத் தட்டித் தேடினால் அந்தப் பைல் எப்படி வரும்? புதிதாக டைப் செய்வதை யூனிகோடிலேயே செய்யுங்கள். முக்கியமான பழைய பைல்களை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அதேபோல, எல்லா ஸ்லோவுக்கும் காரணம் இண்டெக்ஸ் இல்லை. கம்ப்யூட்டர் ஆன் ஆகவே நேரமாகிறது, நாலைந்து புரோகிராம்களைச் சேர்த்துத் திறந்தால் திணறுகிறது என்றால் ராமும் டிஸ்கும் பார்க்க வேண்டியவைதான். மற்ற வேலையெல்லாம் சரியாக நடந்து, தேடல் மட்டும் இழுக்கிறது என்றால் முதலில் இண்டெக்ஸ்.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று?

மாமாவின் போல்டரை இண்டெக்ஸில் சேர்த்துவிட்டு எழுந்தோம். அத்தை போட்ட டீயைக் குடித்தோம். அக்கா ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இண்டெக்ஸிங் கம்ப்ளீட் என்று வந்ததும் மாமா 12 இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். கடைசி இலக்கம் போட்டு முடித்த அடுத்த கணம் ஒரே ஒரு பைல் வந்து நின்றது. திறந்தால் அதே கடிதம். சேர்ந்த தேதி, எண் எல்லாம் இருந்தன.

சர்வீஸ் சர்டிபிகேட் ஸ்கேன் மட்டும் தேடலில் வரவில்லை. கடிதம் இருந்த அதே போல்டருக்குள் பெயர் தெரியாத பைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்தோம். அன்று சாயங்காலமே மாமா உட்கார்ந்து ஸ்கேன்களுக்குப் பெயர் மாற்ற ஆரம்பித்தார். அடுத்தவர் விவரங்கள் அடங்கிய கம்ப்யூட்டர் என்பதால் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தேன்.

பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருஷம் யார்டுல பதிவேடு எழுதினவன்டா நான். என் வீட்டுலயே பதிவேடு இல்லாம பொட்டிய தேடிட்டு இருந்திருக்கேன் பாரு."

ராம் வாங்க எடுத்து வைத்த பணத்தில் மாமா ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கிவிட்டார்.